விட்டுப்போன எண்

1991-ல் ஒரு பிள்ளையின் விடைத்தாளில் 840 என்ற எண்ணின் மேல் சிவப்பு மையால் தப்புக் குறி போட்டேன். அந்தப் பிள்ளை எழுதியதுதான் சரி. அன்று ராத்திரியே எனக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அதுவும் ராமானுஜனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டுதான் சொல்ல வருகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ராயகிரி. வேலை பார்த்தது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில், கணக்கு வாத்தியாராக. காலையில் பஸ்ஸைப் பிடித்துப் போய், சாயங்காலம் மேற்கு மலைக்குப் பின்னால் வெயில் இறங்கும்போது வீடு திரும்புகிற பிழைப்பு. திரும்பியதும் திண்ணையில் டியூஷன். ஏழெட்டுப் பையன்கள் வருவார்கள். தலைக்கு மாசம் முப்பது ரூபாய். அந்த டியூஷனையும் இந்தக் கதைக்குள் கொண்டுவர வேண்டியிருக்கிறது, அதனால்தான் சொன்னேன்.

அந்த வருஷம் ஆண்டு விழாவுக்குக் கணக்குப் போட்டி வைத்தோம். கேள்வித்தாள் தயாரித்தது நான். கடைசிக் கேள்விக்கு மட்டும் பத்து மதிப்பெண்: ஆயிரத்துக்கு உட்பட்ட எண்களில் எந்த எண்ணுக்குக் காரணிகள் அதிகம்? நான் வைத்திருந்த விடை 720. அது 1, 2, 3, 4, 5, 6 எல்லாவற்றையும் பெருக்கினால் வருகிற எண். முப்பது காரணிகள். இவ்வளவு அழகாகப் பிறந்த எண்ணை எது மிஞ்சப் போகிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி, சோதித்துப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, போட்டிக்கு ஒரு மாசம் முன்னால் இதே 720-இன் பெருமையை டியூஷனில் விஸ்தாரமாகப் பேசியிருந்தேன்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி 840 என்று எழுதியிருந்தாள். அவள் பெயரை இங்கே நான் எழுதவில்லை. எங்கே இருந்தாலும் அவள் நன்றாக இருக்கட்டும். அவள் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிற வேலை. எங்கள் பக்கத்தில் அப்போது நிறைய வீடுகளில் பார்த்த காட்சிதான் அது. நடுவீட்டில் பசைச் சட்டி இருக்கும், சுற்றிப் பொம்பளைகளும் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள், ஒட்டி முடித்த பெட்டிகள் மூங்கில் தட்டில் காயும். அந்தப் பிள்ளையின் வலது கைக் கட்டைவிரல் நகத்தோரம் எப்போதும் காய்ந்த பசை வெள்ளையாக இருக்கும். நோட்டைத் திருத்தும்போது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். அதற்கும் ஒரு தடவை வைதிருக்கிறேன்.

விடைத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மேசைக்கு வந்தாள்.

"சார், எண்ணிப் பாத்துட்டுத்தான் சார் எழுதினேன்."

"எழுநூத்தி இருபதுதான். போய் உக்காரு."

"எழுநூத்தி இருபதை ஏழு நாளைக்குப் பங்கு வைக்க முடியாது சார். எண்ணூத்தி நாப்பதை வைக்கலாம். நாளைக்கு நூத்தி இருபது."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "இது கணக்குப் போட்டி, உங்க அம்மா வாரக் கூலி இல்ல" என்று சொன்னேன். சிரிப்பு இன்னும் கொஞ்சம் கூடியது. அவள் போய் உட்கார்ந்தாள். முதல் பரிசு 720 எழுதிய பையனுக்குப் போனது. அவன் என் டியூஷன் பையன். பரிசு ஒரு ஹீரோ பேனா.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எண்ணினேன். 1-க்கு ஜோடி 840, 2-க்கு 420, 3-க்கு 280, 4-க்கு 210, 5-க்கு 168, 6-க்கு 140, 7-க்கு 120. அவள் சொன்ன அந்த நூற்றிருபது வந்ததுமே வயிற்றில் என்னமோ செய்தது. மேலே போனேன். 8, 10, 12, 14, 15, 20, 21, 24, கடைசியில் 28-க்கு ஜோடி 30. பதினாறு ஜோடி, முப்பத்திரண்டு காரணி. என் 720-ஐவிட இரண்டு அதிகம்.

கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு நிமிஷ வேலை. 720 என்பது நான்கு 2, இரண்டு 3, ஒரு 5 சேர்ந்த எண். ஒரு காரணியை உண்டாக்க 2-ஐ எத்தனை எடுக்கலாம்? ஒன்றும் எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்றிலிருந்து நான்கு வரை எடுக்கலாம். ஆக ஐந்து வழி. 3-க்கு மூன்று வழி, 5-க்கு இரண்டு வழி. பெருக்கினால் முப்பது. இதில் ஒரு 2-ஐயும் ஒரு 3-ஐயும் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு 7-ஐ வாங்கிப் போட்டால் 840. கொடுத்தது ஆறு, வாங்கியது ஏழு, எண் கொஞ்சம்தான் பெருக்கிறது. ஆனால் வழிகள் நான்கு, இரண்டு, இரண்டு, இரண்டு, மொத்தம் முப்பத்திரண்டு. என் தாத்தா காலத்து நெல் கணக்கு பார்த்தவர்களிடம் சொல்லியிருந்தால்கூட விளங்கியிருக்கும். எங்கள் சீமையில் நெல்லுக்கு 21 மரக்கால் ஒரு கோட்டை. மூன்று பேருக்கும் ஏழு பேருக்கும் சுலபமாகப் பிரியும். குத்தகைக்காரனும் நிலக்காரனும் பாதிப் பாதி பிரிக்கப் போனால் பத்தரை மரக்கால் என்று இடறும். எந்த எண் எத்தனை பேருக்குப் பிரியும் என்பது களத்துமேட்டு விவகாரம். தீப்பெட்டி ஒட்டுகிற வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அது கைவந்தது. எனக்கு வரவில்லை.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். அவள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பாடம் நடத்தினேன். பரிசு மேடையில் கொடுத்தாகிவிட்டது, திரும்ப வாங்கினால் பையன் அழுவான், மற்ற வாத்தியார்கள் பேசுவார்கள் என்று எனக்கு நானே காரணம் அடுக்கிக்கொண்டேன். எல்லாம் பொய்க் காரணம். உண்மைக் காரணம் அந்தச் சிரிப்பு. வகுப்பைச் சிரிக்க வைத்தவன் நான். அதை எப்படித் திரும்ப வாங்குவது? அதற்குப் பிறகு அவள் மேசைக்கு வந்து எதையும் கேட்டதில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

இனி ராமானுஜன்.

2012-ஐ தேசியக் கணித ஆண்டு என்று அறிவித்திருந்தார்கள். அவர் பிறந்த நாளான டிசம்பர் 22 தேசியக் கணித நாள். 1887-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகத்தில் மாசம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை பார்த்து, 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர். ஒரு பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். 1729-ஐயும் டாக்ஸியையும் எல்லாரும் சொல்லிவிடுவார்கள், நாம் வேறு ஏதாவது சொல்வோம் என்று தேடினேன். அப்போதுதான் அவர் 1915-ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்ட நீளமான கட்டுரை கையில் கிடைத்தது. அதன் பொருளைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றிய கட்டுரை அது. 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று பட்டியல் போகிறது. அடுத்தது 720. அதற்கும் அடுத்தது 840.

எழுபத்தாறு வருஷத்துக்கு முன்னாலேயே அச்சாகிவிட்ட விடையைத்தான் நான் தப்பென்று அடித்திருக்கிறேன்!

கட்டுரையின் பெருமையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. கேம்பிரிட்ஜில் ராமானுஜனுக்கு 1916-ல் பட்டம் கிடைத்தது இந்த ஆராய்ச்சியை வைத்துத்தான். உலகப் போர்க் காலம். கழகத்துக்குப் பண முடை. அதனால் அவர் எழுதியதில் ஒரு பகுதி அச்சேறாமல் நின்றுவிட்டது. அது 1997-ல்தான் வெளியானது. இந்த எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரித்து எழுதினால் 2-இன் அடுக்கு 3-இன் அடுக்கைவிடக் குறையாது, 3-இன் அடுக்கு 5-இனுடையதைவிடக் குறையாது, படி இறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டே போகும். கடைசிப் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும். 4, 36 ஆகிய இரண்டுக்கு மட்டும் விலக்கு. இப்படி ஒவ்வொன்றாக நிறுவிக்கொண்டு போகிறார். பொறுமையாகப் படித்தால் ஒரு நல்ல தச்சன் இழைப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற சுகம்.

ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது அட்டவணை. 102 எண்கள். கடைசி எண் 6746328388800. நம் கணக்கில் 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இவ்வளவு தூரம் போயிருக்கிறார். போன வழியில் ஒரே ஒரு எண்ணை விட்டுவிட்டார்.

அந்த எண் 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

இதைப் படித்த அன்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஒரு நிம்மதி வந்தது. ராமானுஜனே ஒன்றை விட்டிருக்கிறார், நான் எம்மாத்திரம்? இருபத்தோரு வருஷமாக உள்ளே கிடந்த முள் தானாக வெளியே வந்த மாதிரி இருந்தது. ஒரு நோட்டை எடுத்து, அந்த எண்ணைப் பிரிக்க ஆரம்பித்தேன். ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொன்று. வழிகளைப் பெருக்கினால் ஏழு, ஐந்து, மூன்று, மூன்று, பிறகு நான்கு இரண்டுகள். மொத்தம் 5040 காரணிகள். 5040 என்ற எண்ணும் இதே ஜாதிதான். அதற்கு அறுபது காரணிகள். பிளேட்டோ தன் கனவு நகரத்துக்கு 5040 குடும்பம் இருக்கட்டும் என்று சொன்னதும் அது பலவிதமாகப் பிரியும் என்பதற்காகத்தான். விட்டுப்போன எண்ணை 1 முதல் 22 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது. 23-ல்தான் முதன்முதலாக இடறும்.

அந்த 23-ஐக் குறித்துக்கொண்டேன். அட்டவணையில் இந்த எண் இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு முன்னால் 240940299600, பின்னால் 321253732800. முன்னதற்கு 4800 காரணிகள், பின்னதற்கு 5376. இரண்டையும் பிரித்துப் பார்த்தேன். இரண்டிலும் 23 இருக்கிறது. நடுவில் நிற்க வேண்டிய நம் எண்ணில் மட்டும் இல்லை. பின்னால் உள்ளதிலிருந்து 23-ஐக் கழற்றிவிட்டு ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் மாட்டினால் நம் எண் வந்துவிடும். 23-ஐக் கொடுத்து 21-ஐ வாங்குகிற பேரம். அந்தப் பிள்ளை 6-ஐக் கொடுத்து 7-ஐ வாங்கினாளே, அதே பேரத்தின் மறுபக்கம்! அவள் புதுப் பகா எண்ணை உள்ளே கொண்டுவந்தாள். இங்கே ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட பகா எண்ணை வெளியே அனுப்ப வேண்டியிருக்கிறது. முன்னும் பின்னும் 23 வந்துகொண்டிருக்கும்போது, நடுவில் ஒன்று 19-உடன் நின்றுவிடும் என்று தோன்றாமல் போயிருக்கலாம். இது என் ஊகம்தான். அவர் கை எங்கே வழுக்கியது என்று யாரைக் கேட்பது?

இன்னொன்றும் வந்தது. சும்மா கை போன போக்கில் அந்த எண்ணை 23-ஆல் பெருக்கினேன். பன்னிரண்டு இலக்கம், கையாலேயே பெருக்கினேன். 20 மடங்கு 5866372512000. 3 மடங்கு 879955876800. கூட்டினால் 6746328388800. அட்டவணையின் கடைசி எண்! விட்டுப்போனதன் சரியாக 23 மடங்கில்தான் பட்டியல் முடிகிறது. அதற்குக் காரணிகளும் சரியாக இரண்டு மடங்கு, 10080. கடைசி எண்ணின் வயிற்றுக்குள்ளேயே விட்டுப்போன எண் முழுசாக உட்கார்ந்திருந்திருக்கிறது. இரண்டாவது தடவையும் பெருக்கிப் பார்த்தேன். மூன்றாவது தடவை வீட்டில் எழுப்பி, "இதைப் பாரேன்" என்றேன். "மணி ஒண்ணு ஆகுது, விளக்கை அணைங்க" என்று பதில் வந்தது.

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான் வரவில்லை என்று முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் போனதும் அது வேறு என்று தெரிந்தது. ராமானுஜனை என்னோடு சேர்த்துக் கட்டி நிம்மதி தேடினேனே, அந்தக் கட்டு நிற்கவில்லை. அவர் விட்ட எண் லட்சக்கணக்கான கோடி வரை கையால் தேடிப் போன வழியில் விட்டது. அவர் மேசைக்கு யாரும் வந்து, "சார், எண்ணிப் பாத்துட்டுத்தான் சார் எழுதினேன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனுஷன் என்ன செய்திருப்பார்? பென்சிலை எடுத்து அங்கேயே எண்ணியிருப்பார், சந்தேகமே இல்லை. என்னிடம் வந்து சொன்னார்கள். முப்பத்திரண்டு வரை எண்ண வேண்டிய வேலை. நான் எண்ணவில்லை, எண்ணிய பிறகும் சொல்லவில்லை. அவருடையது விடுபட்டது. என்னுடையதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

டிசம்பர் 22 அன்று போய்ப் பேசினேன். பேச்சு நன்றாகத்தான் அமைந்தது. கரும்பலகையில் 23 பெருக்கலைப் போட்டுக் காட்டியதும் பிள்ளைகள் கை தட்டினார்கள். 840-ஐப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பினேன். மைக்குக்கு முன்னால் நின்றதும் நாக்கு எழவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்ததோடு சரி, மறுபடி எடுக்கவில்லை.

இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. திண்ணை இருக்கிறது. காசு வாங்காமல் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பழைய கேள்வியைத்தான் இன்னும் கேட்கிறேன், எல்லையை மட்டும் ரெண்டாயிரத்துக்கு மாற்றிவிட்டேன். விடை 1680, நாற்பது காரணிகள். அது எனக்குத் தெரியும், ஆனால் விடைத்தாள் என்று எதுவும் வைத்துக்கொள்வதில்லை. யார் எந்த எண்ணோடு வந்தாலும் பக்கத்தில் உட்கார வைத்து, ஜோடி ஜோடியாக எழுதச் சொல்லிக் கூடவே எண்ணுகிறேன். இதனால் ஒரு கேள்விக்கு ஒரு சாயங்காலமே போய்விடுகிறது. அடுத்த தெருப் பையனின் அம்மா, "கணக்குச் சொல்லிக்கொடுங்கன்னு அனுப்பினா ஒண்ணு ரெண்டு எண்ணச் சொல்லிக் கொடுக்கிறீங்களாமே" என்று கடையில் வைத்துக் கேட்டது.

போன வாரம் அந்தப் பையன்தான் வந்தான். ஏழாம் வகுப்பு. "தாத்தா, ஆயிரத்து எண்ணூறு. நாப்பத்திரண்டு வருது."

எனக்குத் தெரியும், வராது. மூன்று 2, இரண்டு 3, இரண்டு 5, நான்கு, மூன்று, மூன்று, முப்பத்தாறு. அரை நொடியில் சொல்லியிருக்கலாம். நோட்டை வாங்கினேன். 1-லிருந்து ஆரம்பித்தோம். 16-க்கு வந்ததும் நிறுத்தினேன். அதையும் ஒரு ஜோடியாகச் சேர்த்திருந்தான். வகுத்துப் பார்க்கச் சொன்னேன். நூற்றுப் பன்னிரண்டரை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்தான். 32-ஐயும் அடித்தான். அப்புறம் 27. நாங்கள் 36, 40 என்று முடிக்கும்போது காற்று அடங்கி இருட்டிவிட்டிருந்தது. பதினெட்டு ஜோடி.

"முப்பத்தாறுதான் வருதுப்பா" என்றேன்.

அவனுக்கு மனசில்லை. நோட்டை என் பக்கம் தள்ளினான்.

"இன்னொரு வாட்டி எண்ணுங்க தாத்தா."

உள்ளே போய் விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். 1-க்கு 1800, 2-க்கு 900, 3-க்கு 600.